‘எங்கப்பாவுக்குக் கண்ணு போச்சா, காலு போச்சா?’

“சைக்கிள் ஓட்டுறதுக்குக் கூலிங் கிளாஸ் எதுக்கு, ஸ்டோக்கின் எதுக்கு? எங்கப்பா தோட்டத்துல வெறுங்காலோட, ரெண்டு வாளிப் பாலையும் கேரியர்ல கட்டிக்கிட்டு ஓட்டினாரு. அவருக்குக் கண்ணு போச்சா, காலு போச்சா?”

பேராக்கில் நம்மவர்கள் நாலு பேர் கூடிச் சைக்கிள் பேச்சு எடுத்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட்டிலோ கோப்பேங் பக்கத்திலோ ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது புந்தோங்கிலோ வேறொரு தாமானிலோ குடியிருப்பவர். அவர் கேட்டு முடித்ததும் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். வளைந்த கண்ணாடி போட்டு, கணுக்காலுக்கு மேல் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்த பையன் அசடு வழிவான். விவகாரம் அதோடு தீர்ந்துவிடும்.

தீரக் கூடாது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பல அப்பாக்களுக்குக் கண்ணும் போனது, காலும் போனது. ‘வயசாயிடுச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி நாம் அதை மூடிவைத்துவிட்டோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவரட்டும். கண்ணின் மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு சவ்வு, முக்கோணமாகக் கருவிழியை நோக்கி நகர்ந்திருக்கும். அதில் மெல்லிய இரத்தக் கோடுகள் ஓடும். ‘கண்ணுல சதை வளர்ந்திருக்கு’ என்பார்கள். அந்தக் கண் எப்போதும் சிவந்து, உறுத்திக்கொண்டு, நீர் வடிந்துகொண்டு இருக்கும். டெரிஜியம் என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் இந்தச் சதை, நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் வெயிலில் உழைப்பவர்களுக்கே அதிகம் வருகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணம். காற்றும் தூசியும் அதற்குத் துணை. கருவிழி மேல் ஏறிவிட்டால் பார்வையைக் கெடுக்கும். அறுத்து எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளரும். கண்புரைக்கும் இதே கதிர் ஒரு காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்லிவருகிறது.

காலுக்கு வருவோம். வெறுங்காலின் பெருமையைப் பேசுகிறவர்கள் கொக்கிப்புழுவைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஈர மண்ணில் கிடக்கும் அதன் குஞ்சு, வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழையும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். மலாயாத் தோட்டங்களில் அது எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்ததென்றால், 1915க்கும் 1917க்கும் இடையில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஓர் ஆணையத்தையே அனுப்பி இங்கே கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. தொரைமாரிடம் ‘சோம்பேறி’ என்று ஏச்சு வாங்கியவர்களில் எத்தனை பேர் இரத்தசோகையால் தள்ளாடியவர்களோ, யார் கண்டது. வெறுங்கால் அவர்கள் தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை இல்லை. சப்பாத்து வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

சைக்கிள் ஓட்டியதால் இதெல்லாம் வந்தது என்று நான் வாதாடவில்லை. ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்ற அடித்தளத்தில்தான் அந்தக் கேள்வி நிற்கிறது. அந்த அடித்தளமே பொய் என்கிறேன்.

சரி, அப்பாவுக்கு நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாதம் நிற்காது. அவர் ஓட்டிய ஓட்டம் வேறு. பால்மரம் வெட்டுகிறவர் இருட்டோடு பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். விடியற்காலைக் குளிரில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடிப் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் சுணங்கும். ஆகவே வெட்டு வேலை பெரும்பாலும் மரநிழலிலேயே முடிந்துவிடும். லயத்திலிருந்து தீம்பாருக்கும், தீம்பாரிலிருந்து பால் ஸ்டோருக்கும் செம்மண் பாதையில் அவர் சைக்கிளில் போனது கொஞ்ச தூரம். அதுவும் மெதுவாக. வாளி தளும்பினால் கொட்டுவது அன்றைய கூலி. வேகமாக மிதிக்க யாருக்கு மனம் வரும்?

அவருடைய பேரன் ஓட்டுவது எங்கே? ஈப்போவிலிருந்து கோல கங்சாருக்குப் போக மட்டும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். 1877இல் அங்கே நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி, மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு, ஏறிய வெயிலில் திரும்புவார்கள். இல்லாவிட்டால் பத்து காஜா வழியில் கெல்லி மாளிகை. கால் உரம் உள்ளவர்களுக்குச் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை. எல்லாம் தார்ச்சாலை. ரப்பர் நிழல் போய்ச் செம்பனை வந்தது. சாலையோரத்தில் பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்பு மலைகளை வெட்டி ஏற்றிப்போகும் லோரிகள் வெள்ளைத் தூளை வாரி இறைத்துக்கொண்டே போகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் நீங்கள் போகிறீர்கள், எதிரே 60இல் லோரி வருகிறது. அதன் மேலிருந்து உதிரும் கல் துணுக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் முகத்துக்கு வருகிறது. அப்பாவின் செம்மண் பாதையில் எதிரே வந்தது கங்காணியின் சைக்கிள்.

“நாங்க காலையிலேயே முடிச்சிடுவோம், இளவெயில்தானே” என்பது அடுத்த சமாதானம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து ஈப்போவில் பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல்தான். சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றே கால் வாக்கில். ஏழரைக்குக் கிளம்பி, வழியில் ஒரு தே தாரிக், ஒரு தோசை என்று உட்கார்ந்து எழுந்து திரும்பும் கூட்டம் கடைசி ஒரு மணி நேரத்தை எந்த வெயிலில் ஓட்டுகிறது என்று அவரவர் பின்கழுத்து சொல்லும். புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11ஐ எட்டினால் மிகக் கடுமை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. தெளிந்த நாளின் உச்சிப்பொழுதில் 11 என்பது நம் ஊரில் அதிசயமில்லை. லேசான மேகம் வெளிச்சத்தை மங்கச் செய்யுமே தவிர, அந்தக் கதிரில் பெரும்பகுதி மேகத்தைத் தாண்டி வந்துவிடும்.

அப்பாவின் பெயரால் பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் தொழிலாளி தெருவுக்கு வந்துவிடக் கூடாதென்று, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலிக் காசில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டிய அந்தத் தலைமுறை, தன் பிள்ளைக்குத் தன்னுடைய இல்லாமை வரக் கூடாது என்றுதான் கட்டியது. அந்த இல்லாமையையே அளவுகோலாக்கிப் பேரனைக் கிண்டல் செய்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

கண்ணாடி போடுவது ‘பந்தா’ என்ற பார்வைக்குச் சினிமாவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நம் மனத்தில் கறுப்புக் கண்ணாடி என்றால் எம்.ஜி.ஆர்., ரஜினி விரலில் சுழற்றும் கண்ணாடி, கலைஞர். கலைஞர் அதை அணிந்தது விபத்தில் கண் பாதிக்கப்பட்டதால். ஆனாலும் அது அவருடைய அடையாளமாகத்தான் நமக்குள் பதிந்தது. கண்ணாடி ஒரு மனிதனைப் பெரிய ஆளாகக் காட்டும் பொருள் என்று பழகிவிட்டோம். அதனால் சைக்கிள்காரன் போட்டால் ‘பெரிய ஆளு’ என்று சிரிப்பு வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், சிரிக்கிறவரும் சிரிக்கப்படுகிறவரும் பல நேரம் ஒரே கட்சி. கண்ணாடியும் காலுறையும் அலங்காரம் என்று முதலாமவர் ஒதுக்குகிறார். அலங்காரம்தானே என்று இரண்டாமவர் அலங்காரப் பொருளாகவே பார்த்து வாங்குகிறார். பசார் மாலாமில் இருப்பதிலேயே கறுப்பான கண்ணாடி எது? சட்டைக்குப் பொருத்தமான வண்ணத்தில் காலுறை எது? வாங்கிப் போட்டு, மூக்கு வலித்து, கண் எரிந்து, கால் கொப்பளித்த பின் கழற்றி எறிந்துவிட்டு, “இதெல்லாம் சும்மா, பெரியவர் சொன்னது சரிதான்” என்று முதல் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். பொருள் தேவையற்றது என்பதற்கு, தப்பாகத் தேர்ந்தெடுத்த பொருளே சாட்சியாகிவிடுகிறது.

முதலில் கறுப்பு. கறுப்பாக இருந்தால் வெயிலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையைப் போல ஆபத்தானது வேறில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. கறுப்புச் சாயம் முன்னதைக் குறைக்கும். பின்னதைத் தடுப்பது லென்ஸின் மூலப்பொருளும் அதில் சேர்த்த வடிப்பானும். வடிப்பான் இல்லாத கறுங்கண்ணாடிக்குப் பின்னால் இருட்டென்று நினைத்துக் கண்மணி விரியும். விரிந்த வாசல் வழியாகக் கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும். மாறாக, பாலிகார்பனேட் லென்ஸ் சாயமே இல்லாமல் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தாலும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும். கல் பட்டாலும் எளிதில் உடையாது. பழைய கண்ணாடிச் சில்லு லென்ஸைப் போட்டுக்கொண்டு லோரிக்குப் பின்னால் போவதைவிட வெறுங்கண் மேல்.

‘யூவி 400’ என்ற முத்திரை, 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கும் என்று சொல்கிறது. ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற தரவிதி, வெளிச்சத்தை விடும் அளவை வைத்து லென்ஸ்களை 0 முதல் 4 வரை பிரிக்கிறது. 3ஆம் வகை நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வெளிச்சத்தை விடும். நல்ல வெயிலுக்குச் சரி. 4ஆம் வகை 3 முதல் 8 பங்குதான் விடும். வண்டி ஓட்டவே ஆகாது என்று அதற்குத் தடை. பசார் மாலாமில் நாம் தேடித் தேடி எடுப்பது அநேகமாக அந்தக் கறுப்பைத்தான். வெட்டவெளியிலிருந்து சட்டென்று செம்பனை நிழலுக்குள் சாலை நுழையும் இடத்தில் அதைப் போட்டிருப்பவருக்கு இரண்டு விநாடி ஒன்றும் தெரியாது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் இரண்டு விநாடியில் சைக்கிள் பதினாறு மீட்டருக்கு மேல் போய்விடும். குழி அதற்குள்தான் இருக்கும். எனக்கு 2ஆம் வகைப் பழுப்பு லென்ஸ் போதும் என்று படுகிறது. தாரின் மேடுபள்ளம் அதில் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

வெயிலுக்குத் தானே கறுக்கும் லென்ஸைப் பெரிய தீர்வாகச் சொல்லி விற்கிறார்கள். குளிர்நாட்டில் அது நல்ல தீர்வுதான். சூடு கூடினால் அதன் கறுப்பு குறையும் என்பதையும், நிழலுக்கு வந்தபின் தெளிய நேரம் எடுக்கும் என்பதையும் விற்பவர் சொல்லமாட்டார். ஈப்போ வெயிலில் இரண்டும் நமக்கு எதிராக வேலை செய்யும். போலரைஸ்டு லென்ஸ் நனைந்த சாலையின் பளபளப்பை வெட்டும். கூடவே எண்ணெய் சிந்திய இடத்தின் மினுமினுப்பையும் வெட்டும், சில கைப்பேசித் திரைகளைக் கறுப்பாகவும் காட்டும். மீன்பிடிக்கப் போகிறவருக்குக் கொடுங்கள்.

இனி, வெயிலே இல்லாத நேரத்தில் கண்ணாடி எதற்கு என்ற கேள்வி. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்க 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து இந்த நாட்டில் விட்டார்கள். அது வந்து கண்ணில் விழுகிறதோ, வேறெந்தப் பூச்சி விழுகிறதோ, பெயர் கேட்கவா நேரம்? தோட்டத்தை ஒட்டிய சாலையில் அந்தி நேரத்தில் போகிறவர் ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுகையால் சைக்கிளை நிமிர்த்தப் படும் பாட்டைப் பார்த்தவர்கள் கண்ணாடியைப் பந்தா என்று சொல்லமாட்டார்கள். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் சேற்றை நேராக முகத்தில் தெளிக்கும். அதற்கெல்லாம் தெளிந்த லென்ஸ்.

இதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி வருகிறது: அது முகத்தில் நிற்குமா? நழுவும் கண்ணாடி எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் குப்பை. மேல்நாட்டுச் சட்டகங்கள் பல, உயர்ந்து குறுகிய மூக்குத் தண்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்மில் தாழ்ந்த, அகன்ற மூக்குக்காரர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்தச் சட்டகம் மூக்கில் உட்காராமல் கன்னத்தில் உட்காரும். கன்னத்தில் உட்கார்ந்தால் காற்று புகாது; மலையேற்றத்தில் வேகம் குறைந்ததும் மூச்சும் வியர்வையும் சேர்ந்து லென்ஸ் பனிபடரும். வளைத்துச் சரிசெய்யக்கூடிய ரப்பர் மூக்குத்தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குத் தலைக்கவசத்தையும் எடுத்துப்போய், அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். கவசத்தின் பின்பட்டையும் கண்ணாடிக் கையும் காதுக்கு மேல் ஒரே இடத்தில் அழுத்தினால், அந்த வலி கடையில் தெரியாது. கம்பாரைத் தாண்டியதும் தெரியும். குனிந்து, கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரி நின்று, தலையை நாலு தடவை ஆட்டுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இப்போது காலுறை. இங்கே ஆட்சி செய்யும் மூடநம்பிக்கை பருத்தி. “நம்ம சூட்டுக்கு காட்டன்தான் நல்லது, வியர்வையை உறிஞ்சும்.” உறிஞ்சும், மறுக்கவில்லை. உறிஞ்சியதை விடாது, அதுதான் கோளாறு. காற்றிலேயே ஈரம் மிகுந்த நம் ஊரில், மூடிய சப்பாத்துக்குள் பருத்திக் காலுறை ஊறவைத்த துணியாகவே கடைசிவரை இருக்கும். ஈரத் தோலில் உராய்வு கூடும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று மிதித்தால் மூன்று மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 14,400 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஈரத் துணி அதே இடத்தில் தேய்க்கிறது. கொப்புளம் அங்கேதான் பிறக்கிறது. விரலிடுக்கில் சேற்றுப்புண் பூஞ்சைக்கும் அந்த ஈரம் போதும். மெல்லிய நைலான், பாலியெஸ்டர் கலவைத் துணி வியர்வையை வெளிப்பக்கம் தள்ளிச் சீக்கிரம் உலர்த்தும். மெல்லிய மெரினோ கம்பளியும் நல்லதுதான். நம் ஊர்ச் சூட்டில் கம்பளியா என்று மலைக்க வேண்டாம், நனைந்தாலும் நசநசக்காது. ஆனால் விலை கூட, ஆயுள் குறைவு.

காலுறையை வாங்குமுன் உள்ளை வெளியே திருப்பிப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஓடும் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி மேடாகத் தட்டுப்பட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த மேடுதான் சுண்டுவிரலின் மேல் உட்காரப் போகிறது. குதிகாலுக்கென்று பை மாதிரி நெய்திருக்க வேண்டும். ‘எல்லா அளவுக்கும் ஒன்று’ என்று விற்பது குட்டைக் காலில் சுருண்டு மடியும். அந்த மடிப்பும் கொப்புளத்தின் தாய்தான். தடித்த காலுறை சொகுசு என்று நினைப்பதும் தப்பு. வெயிலில் பாதம் வீங்கும். இறுகிய சப்பாத்துக்குள் தடித்த துணியும் சேர்ந்தால் முன்பாதத்து நரம்பு நசுங்கிக் காந்தல் எடுக்கும். பாதி வழியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

உயரத்தைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை. உலக சைக்கிள் சம்மேளனம் போட்டிகளில் காலுறை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுப்பாதியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்து, அதை அளக்க ஒரு கருவியையும் கொண்டுவந்திருக்கிறது. நீளக் காலுறை காற்றை ஏமாற்றி வேகம் கூட்டுமாம். ஈப்போவில் யாரும் உங்கள் காலை அளக்கப் போவதில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்வேன்: வெள்ளை அல்லது வெளிர் நிறம். அதற்குக் காரணம் அழகு இல்லை, நோய்.

இனிப்புநீர் நோயைச் சொல்கிறேன். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்த நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு அது இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். “நடங்க, சைக்கிள் ஓட்டுங்க” என்று மருத்துவர் சொல்லி ஐம்பது வயதில் சைக்கிள் வாங்கியவர்கள் நம் கூட்டத்தில் எத்தனை பேர்! அவர்களில் பலருக்குப் பாதத்து நரம்பு மரத்திருக்கும். கொப்புளம் வலிக்காது. வலிக்காததால் தெரியாது. தெரியாத புண் சீழ் வைத்து, ஆறாமல் பரவி, விரலை எடுத்து, பாதத்தை எடுத்து எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தாமானிலும் ஒருவர் இருக்கிறார். தையல் உறுத்தாத, மேல்பட்டை இறுக்காத, வெளிர் நிறக் காலுறை போடச் சொல்லி அவர்களுக்கு அறிவுரை தருவதன் காரணம் இதுதான்: வலி காட்டிக்கொடுக்காத புண்ணை வெள்ளைத் துணியில் படிந்த கறை காட்டிக்கொடுக்கும். கறுப்புக் காலுறை அதையும் மறைத்துவிடும். “அவருக்குக் காலு போச்சா?” என்று கேட்கிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

கடைசியாக விலை. “இதெல்லாம் காசுக்காரன் விளையாட்டு” என்ற பேச்சில் பாதி நியாயம் உண்டு. ஒரு கண்ணாடிக்கு ஆயிரம் வெள்ளி கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மயில்கழுத்து நிறத்தில் மின்னும் லென்ஸைப் போட்டுக்கொண்டு, மூன்றாவது மலையில் மூச்சு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்ய உங்களோடு நானும் வருகிறேன். ஆனால் ஹார்ட்வேர் கடையில் தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டறையில் இரும்பு வெட்டுகிறவர் போடுவது. பாலிகார்பனேட், பக்கவாட்டில் வளைந்து மூடுவது, ‘இசட் 87’ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு முத்திரை ஓரத்தில் பொறித்தது. தெளிவாகவும் கிடைக்கும், சாயம் போட்டும் கிடைக்கும். ஒரு குடும்பம் மாமாக் கடையில் பசியாறும் காசுக்கு இரண்டு வாங்கலாம். பெயர்பெற்ற சின்னம் அதில் இல்லை, அழகும் கொஞ்சம் கம்மிதான். கல்லுக்கும் கதிருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. சைக்கிளுக்கு ஐயாயிரம் வெள்ளி கொடுத்துவிட்டு, கண்ணுக்கு இருபது வெள்ளியை ஊதாரித்தனம் என்று சொல்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை.

பக்கத்து வரிசைக் கடைக்கு ரொட்டி சானாய் வாங்கச் சிலிப்பரோடு மிதித்துப் போகிறவருக்கு இது எதுவும் வேண்டாம். அவரை யாரும் திருத்த வேண்டியதில்லை. பத்து கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வேண்டும். அதுவும் அவரவர் மூக்குக்கும் பாதத்துக்கும் ஏற்றது வேண்டும். நண்பர் வாங்கினாரே என்று வாங்குவது அடுத்த முட்டாள்தனம்.

வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் கண்ணாடியை எறிந்துவிட வேண்டாம். பல கண்ணாடிக் கடைகளில் புற ஊதாக் கதிரை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. கொண்டுபோய்க் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்புத் தூள் படிந்த லென்ஸைச் சட்டை முனையில் துடைக்காதீர்கள், கீறல் விழும்; முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காலுறையைத் துவைக்கும்போது வாசனைக்காக மென்மையாக்கித் திரவம் ஊற்றாதீர்கள். வியர்வையைக் கடத்தும் இழையை அது அடைத்துவிடும்.

சைக்கிளோட்டம் நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு முறையும் ஒரு டி-சட்டை கொடுக்கிறீர்கள். எல்லார் வீட்டு அலமாரியிலும் அது குவிந்து கிடக்கிறது. அடுத்த முறை ஒரு ஜோடி மெல்லிய வெள்ளைக் காலுறையும், ஹார்ட்வேர் கடைத் தெளிந்த கண்ணாடி ஒன்றும் கொடுங்கள். சட்டைச் செலவைவிட அதிகம் ஆகாது. கொடுக்கும்போது, ‘எங்கப்பா’ கேள்வி கேட்கிற அந்தப் பெரியவரையும் கூப்பிட்டு முதல் பையை அவர் கையில் கொடுங்கள். அவருக்குத்தான் அது அதிகம் தேவை.